முதிய காரின் நாடி

மனிதனுக்கு முதுமை வருவதுபோலவே அவன் படைத்த பொருள்களுக்கும் முதுமை வருகின்றது. கல்லிலே எழுப்பிய கோயிலும் தேய்கின்றது. இரும்பிலே வார்த்த இயந்திரமும் தேய்கின்றது. ஆயினும் ஒரு பொருள் முதுமை அடைந்தது என்பது வேறு. அது பயனற்றுப் போயிற்று என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு நாம் கைவிட்ட பொருள்கள் எத்தனை! பொருள்கள் மாத்திரமா? மனிதரையுங்கூட அவ்வாறு கைவிட்டதுண்டு.

காலை வேளையிலே கண்டி நகரின் பேராதனை வீதியோரத்தில் சற்று நின்று பார்ப்போர்க்கு இவ்வுண்மை புலனாகும். புத்தம் புதிய ஜப்பானிய வண்டிகளின் நடுவே, ஆமையோடு போன்று வளைந்த முதுகுடன் மொறிஸ் மைனர் ஒன்று தன் வயதுக்கேற்ற நிதானத்தோடு ஊர்ந்து வரும். அதனை ஓட்டுபவரும் பெரும்பாலும் தலை நரைத்தவராகவே இருப்பர். இங்கிலாந்திலே அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த இவ்வண்டி 1948ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1960ஆம் ஆண்டின் இறுதியில் பத்து லட்சமாவது வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. 1971ஆம் ஆண்டளவில் அங்கே உற்பத்தியும் நின்றது. பெற்ற தாய் கைவிட்ட பிள்ளையை வளர்ப்புத் தாய் பேணுவதுபோல, பிறந்த நாடு மறந்த அவ்வண்டியை ஈழநாடு இன்றும் பேணி வருகின்றது.

இதற்கு அன்பு மாத்திரம் காரணமன்று, தேவையும் காரணமாகும். அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நம் நாட்டிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான அத்தடை 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேதான் நீங்கிற்று. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், உள்ள வண்டியை உயிரோடு வைத்திருப்பதே குடும்பங்களின் கவலையாயிற்று. பழைய வண்டிகளுக்கும் விலை ஏறிற்று. விலை ஏறிய இடத்திலே வஞ்சனையும் ஏறுதல் உலக இயல்பன்றோ? ஆதலின், பழைய காரின் எஞ்சின் எவ்வளவு தேய்ந்துள்ளது என்று அறியும் கலை நம் போன்ற சாதாரண மக்களுக்கும் வேண்டப்படுவதாயிற்று. அக்கலையை யான் கற்க நேர்ந்த வரலாற்றை ஈண்டுச் சொல்லுகின்றேன்.

ஒரு சொல்லும் ஒரு வண்டியும்

என்னோடு நெடுங்காலம் ஆசிரியப் பணி புரிந்த நண்பர் ஒருவர் கம்பளைக்கு அண்மையில் வாழ்ந்தவர். 1959ஆம் ஆண்டிலே செய்யப்பட்ட மொறிஸ் மைனர் ஒன்று அவரிடம் இருந்தது. அவர் மறைந்த பின்னர் அவ்வண்டி ஓராண்டு காலம் கொட்டிலிலே கிடந்தது. 2023ஆம் ஆண்டில் அவருடைய மனைவியார் அதனை மீண்டும் ஓட்டத்திற் கொண்டுவர விரும்பினார். மாதந்தோறும் பேராதனை வைத்தியசாலைக்குச் சென்றுவர வேண்டிய நிலை அவருக்கு. பஸ்ஸிலே ஏறி இறங்க முழங்கால்கள் இடங்கொடுக்கவில்லை. மகள் வண்டி ஓட்டப் பழகியிருந்தாள்.

வண்டியைக் கராஜ் ஒன்றிற்குக் கொண்டுசென்றனர். அங்கே ஒருவர் மூடியைத் திறந்து, எஞ்சினை முடுக்கி, இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, “எஞ்சின் முடிந்துவிட்டது, முழுவதையும் இறக்கிப் போர் அடிக்க வேண்டும்” என்று தீர்ப்புக் கூறினார். அதற்கு அவர் சொன்ன தொகையோ அம்மையாரின் ஓய்வூதியத்தில் பல மாதங்களை விழுங்குவதாக இருந்தது. இரண்டு நாள் கழித்து, வண்டியைப் பழைய இரும்பின் விலைக்குச் சற்று மேலாகக் கேட்டு ஒருவர் வீட்டு வாயிலுக்கே வந்துவிட்டார். எஞ்சின் முடிந்துவிட்ட செய்தி அவருக்கு எவ்வாறு எட்டியதோ யான் அறியேன்.

“மாஸ்டர், என்ன செய்யட்டும்? கொடுத்துவிடட்டுமா?” என்று அம்மையார் என்னைக் கேட்டார். யானும் மறுநாட் காலை அங்கு சென்று வண்டியை முடுக்கச் செய்தேன். பின்புறக் குழாயிலிருந்து வெண்புகை மேகம் போல எழுந்தது. எஞ்சினும் நடுங்கிற்று. “ஆம் அக்கா, கொடுத்துவிடுவதே நன்று” என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வீடு திரும்பினேனேயன்றி மனம் அமைதி கொள்ளவில்லை. கட்டுகஸ்தோட்டையிலே ஐம்பது ஆண்டுகளாகப் பழைய வண்டிகளைத் திருத்தி வரும் முதியவர் ஒருவரை யான் அறிவேன். அவரை எல்லாரும் நானா என்றே அழைப்பர். அவரிடம் நடந்ததைக் கூறினேன். அவர் சிரித்தார். “மாஸ்டர், பரீட்சைத் தாளை வாசிக்காமலே புள்ளி போட்டுவிட்டீர்களே!” என்றார்.

அச்சொல் என்னைத் தைத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கம்பளைக்குப் பயணமானோம்.

தேய்மானம் நிகழும் இடம்

நானா செய்த சோதனைகளைக் கூறுமுன், தேய்மானம் என்பது யாது என்று விளக்குதல் வேண்டும். அவ்வண்டியின் எஞ்சினிலே நான்கு உருளைக் குழிகள் உள்ளன. அவற்றையே மெக்கானிக்குகள் போர் என்பர். ஒவ்வொன்றும் 62.9 மில்லிமீற்றர் விட்டமுடையது. அதனுள்ளே பிஸ்டன் 76.2 மில்லிமீற்றர் தூரம் மேலுங் கீழுமாக ஓடுகின்றது. நான்கின் கொள்ளளவும் சேர்ந்து 948 கன சென்ரிமீற்றர். மேற்கியரிலே ஒரு கிலோமீற்றர் ஓடும்போது எஞ்சின் ஏறத்தாழ 2,400 முறை சுழல்கின்றது. ஒரு சுழற்சிக்குப் பிஸ்டன் ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்குகின்றது. கணக்கிட்டுப் பார்ப்பின், கார் ஒரு லட்சம் கிலோமீற்றர் ஓடி முடிப்பதற்குள், ஒரு சாண் நீளங்கூட இல்லாத அக்குழியினுள் ஒவ்வொரு பிஸ்டனும் ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் நடந்துவிடுகின்றது. பூமியின் சுற்றளவோ 40,000 கிலோமீற்றர். நம் மலைநாட்டில் இரண்டாம் மூன்றாம் கியர்களிலே ஏற வேண்டியிருத்தலால், இங்குள்ள பிஸ்டன்கள் அவ்வெல்லையையும் கடந்துவிடும் என்பதில் ஐயமில்லை.

இவ்வளவு தூரம் நடந்தும் தேயாதிருப்பதற்குக் காரணம் ஒயிலின் மெல்லிய படலமே. அப்படலம் குழியின் அடிப்பகுதியிலே நன்கு படியும். உச்சியிலே குறைவாகப் படியும். உச்சியிலேதான் வெப்பமும் அழுத்தமும் மிகுதி. பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்புவதும் அவ்விடத்திலேதான். ஆதலின் குழியின் வாய்ப்பக்கமே முதலில் தேய்கின்றது. பிஸ்டனின் வளையங்களாகிய றிங்குகள் எட்டாத மேல்விளிம்பு மாத்திரம் தேயாமல் நின்று, சிறு வரம்பு போலக் கையில் தட்டுப்படும். இன்னுமொன்று: எஞ்சின் சூடேறுமுன் நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது அதற்குப் பெருங்கேடு. குளிர்ந்த குழிச்சுவரிலே நீராவி படிந்து, எரிபொருட் புகையோடு கலந்து அமிலமாகி இரும்பை அரிக்கின்றது. நாள்தோறும் இரண்டு மைல் ஓடும் வண்டி, நீண்ட பயணம் செல்லும் வண்டியினும் விரைவாகத் தேய்வதற்கு இதுவே காரணம். குறைந்த ஓட்டத்தைக் காட்டும் எண்ணிக்கை மானியைக் கண்டு மகிழ்ந்துவிடலாகாது.

புகையின் நிறம்

வைத்தியன் முதலில் முகத்தைப் பார்ப்பதுபோல, எஞ்சினை ஆராய்வோன் முதலிற் புகையைப் பார்க்கின்றான். புகைக்கு மூன்று நிறங்கள் உண்டு. கறுப்புப் புகை, காற்றுக்கு மிஞ்சிப் பெற்றோல் செல்கின்றது என்பதைக் காட்டும். அது காபுரேற்றரின் குறையேயன்றித் தேய்மானமன்று. நீலப் புகை, ஒயில் எரிகின்றது என்பதைக் காட்டும். வெண்புகை நீராவியாகும்.

யான் கண்டு அஞ்சிய வெண்புகையைப் பற்றி நானா கூறியது இது: ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உண்டாகின்றது. குளிர்ந்த மலைநாட்டுக் காலையில் அது ஆவியாக வெளிவருதல் இயற்கை. வண்டி சூடேறிய பின்னரும் அது நீங்காமலும், றேடியேற்றரில் நீர் குறைந்துகொண்டும் இருந்தாலே அஞ்ச வேண்டும். அவ்வாறாயின் மேற்றலைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையிலுள்ள காஸ்கெற் கிழிந்திருக்கலாம். அன்று காலை பத்து நிமிடத்திலே வெண்புகை மறைந்தது. மறுபடி பார்த்தபோது றேடியேற்றர் நிறைந்தே இருந்தது. என்னுடைய தீர்ப்பின் ஆதாரம் ஆவியாகவே போயிற்று.

நீலப் புகை எங்கிருந்து வருகின்றது என்று அறியச் சமதரை போதாது, மலை வேண்டும். அதற்குக் கண்டியைச் சூழ்ந்த வீதிகளைப் போன்ற சோதனைக் களம் பிறிதில்லை. நாங்கள் கடுகண்ணாவைக்குச் சென்றோம். கொழும்பு–கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசன் 1829ஆம் ஆண்டிலே மறைந்தார். அவர் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் அக்கணவாயின் உச்சியில் நிற்கின்றது. அங்கிருந்து மாவனெல்லைப் பக்கமாக, அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கியரிலேயே வண்டியை இறங்க விட்டோம். அவ்வேளை எஞ்சினின் உட்புறத்தே பெரும் உறிஞ்சு விசை உண்டாகின்றது. வால்வுகள் ஓடும் வழிகாட்டிக் குழாய்கள் தேய்ந்திருப்பின் அவ்விசை மேலேயுள்ள ஒயிலை உள்ளே இழுத்துவிடும். அடிவாரத்திலே மீண்டும் அக்சிலேற்றரை அழுத்தியதும் நீலப் புகை ஒரு வீச்சாக எழுந்து மறைந்தது.

“இது தலையின் நோய்” என்றார் நானா. “இனி வயிற்றின் நோய் உண்டோ என்று பார்ப்போம்.”

வண்டியைத் திருப்பி மூன்றாம் கியரிலே மேலேற்றினோம். றிங்குகள் தேய்ந்திருப்பின் எஞ்சின் பாரம் சுமக்கும் இவ்வேளையிலேயே நீலப் புகை இடைவிடாது வரும். யான் பின்புறக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தேன். வண்டி வலுக்குன்றி, இருமி இருமி ஏறிற்றேயன்றிப் புகை விடவில்லை. உச்சியை அடைந்ததும், ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் ஒயில் மூடியை நானா திறந்தார். தேய்ந்த எஞ்சினாயின் அவ்வாயினால் புகை குப்குப்பென்று வெளிவரும். எரிந்த வாயு றிங்குகளைத் தாண்டி அடிவயிற்றுக்குள் இறங்குவதன் அடையாளம் அது. இங்கே மெல்லிய ஆவியன்றி வேறொன்றும் வரவில்லை.

ஓசையின் இலக்கணம்

அடுத்து நானா ஒரு நீண்ட திருப்புளியை எடுத்தார். அதன் முனையை எஞ்சினின் உடலில் வைத்து, பிடியைத் தம் காதோடு சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சுழலும் விசிறியினின்று விலகி நிற்குமாறு என்னை எச்சரித்துவிட்டு, பின்னர் அதனை என்னிடம் தந்தார். ஒலியின் இலக்கணத்தை மாணவர்க்குக் கற்பிக்கும் எனக்கு அன்று வேறோர் ஒலியிலக்கணம் கற்பிக்கப்பட்டது.

எஞ்சினின் மேற்புறத்திலே டிக்டிக் என்று இலேசாகவும் விரைவாகவும் கேட்பது தப்பற் என்னும் உறுப்பின் ஓசை. அது மெல்லினம் என்க. குளிர்ந்த எஞ்சினிலே மந்தமாகத் தட்டி, சூடேறியதும் அடங்கிவிடுவது, தளர்ந்த பிஸ்டன் குழிச்சுவரில் மோதும் ஓசை. அஃது இடையினம், பொறுத்துக்கொள்ளத் தக்கது. நடுத்தர வேகத்திலே சம்மட்டி கொண்டு தட்டுவதுபோல ஒலிப்பது, பிஸ்டன் தண்டின் அடியிலுள்ள பெயாறிங் தேய்ந்ததன் அடையாளம். அது வல்லினம். அதனைக் கேட்ட பின்னும் வண்டியை ஓட்டுதல் அறிவுடைமையன்று. தண்டு முறிந்தால் எஞ்சினே உடைந்துவிடும். எஞ்சினின் ஆழத்திலிருந்து, பாரம் ஏற்றும்போது இடியின் எதிரொலி போல நீண்டு உருள்வது, பிரதான பெயாறிங்குகளின் குரலாகும்.

வல்லின ஓசை எந்தக் குழியிலிருந்து வருகின்றது என அறிய, பிளக்குகளுக்குச் செல்லும் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கேட்பர். அக்குழியிலே எரிதல் நின்று பாரம் நீங்கும்போது ஓசையும் மாறினால் நோய் அங்கேயே உள்ளது. எங்கள் வண்டியில் வல்லின ஓசையே இல்லை. ஆனால் மூன்றாம் பிளக்கின் கம்பியைக் கழற்றியபோது எஞ்சினின் ஓட்டத்தில் யாதொரு மாற்றமும் ஏற்படவில்லை. மற்ற மூன்றில் எதனைக் கழற்றினும் எஞ்சின் தள்ளாடிற்று. உழைக்காத ஒருவன் வேலைக்கு வாராவிடின் அவன் குறைவு தெரியாதன்றோ? மூன்றாங் குழி உழைக்கவில்லை என்பது தெளிவாயிற்று.

அவ்வண்டியிலே ஒயில் அழுத்தத்தைக் காட்டும் மானி கிடையாது. அழுத்தம் மிகவும் தாழ்ந்தால் எரியும் விளக்கொன்றே உண்டு. விளக்கு அணைந்திருத்தல் நலத்துக்குச் சான்றாகாது. நானா தம்முடைய மானியைப் பூட்டிப் பார்த்தார். சூடேறிய எஞ்சின் விரைந்து ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 55 இறாத்தலும், நின்ற நிலையில் ஓடும்போது 18 இறாத்தலும் காட்டிற்று. முதிய எஞ்சினுக்கு இது நல்ல இரத்த அழுத்தமே. பெயாறிங்குகள் பிழைத்தன.

அளவுகோலின் தீர்ப்பு

ஐயத்தை அறுக்கும் சோதனை இனியே வந்தது. நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் அழுத்தமானியை வைத்து, ஸ்ராட்டரால் எஞ்சினைச் சுழற்றிப் பார்ப்பது அது. எஞ்சின் சூடாயிருத்தல் வேண்டும். பற்றரி வலுவாயிருத்தல் வேண்டும். காற்று தடையின்றி உட்செல்லுமாறு அக்சிலேற்றரை முழுவதும் அழுத்தியிருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் நல்ல எஞ்சினும் கெட்டதாகத் தோன்றும்.

நான்கு குழிகளும் முறையே 134, 129, 72, 132 இறாத்தல் காட்டின. கைந்நூலிலே கண்ட எண் இதனிலும் கூடுதலாயிற்றே என்று யான் வினவினேன். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலே காற்றின் அழுத்தம் நூற்றுக்கு ஆறு பங்கு வரையில் குறைவு. ஆதலின் மானியும் அவ்வளவு குறைத்தே காட்டும் என்றார். கொழும்பிலே தேறும் வண்டியை மலைநாட்டிலே தவறவிட்டுவிடக் கூடாது. எண்ணின் பெருமையினும் எண்களுக்கிடையே உள்ள ஒற்றுமையே முக்கியம். நான்கும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்குக்குள் ஒத்திருந்தாற் போதும். இங்கே மூன்று ஒத்துள்ளன. ஒன்று மாத்திரம் வீழ்ந்துள்ளது.

வீழ்ந்ததற்குக் காரணம் றிங்கா, வால்வா? நானா ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடியும் அளந்தார். ஒயில் பிஸ்டனைச் சூழ்ந்து றிங்கின் இடைவெளியைச் சிறிது நேரம் அடைக்கும். ஆகவே றிங் தேய்ந்த குழியாயின் எண் குதித்து ஏறும். வால்விலே ஒழுக்காயின் ஒயில் அங்குச் சென்று அடைக்க மாட்டாது, எண்ணும் ஏறாது. இப்பொழுது கிடைத்த எண்கள் 142, 138, 75, 140. மூன்றாங் குழி அசையவே இல்லை.

இறுதியாக, மூன்றாம் பிஸ்டனை இரு வால்வுகளும் மூடியிருக்கும் உச்சிநிலையில் நிறுத்தி, பிளக்குத் துவாரத்தின் வழியே அமுக்கிய காற்றைச் செலுத்தினார். காற்று காபுரேற்றரால் வெளிவரின் உள்வால்வு கெட்டது. ஒயில் வாயினால் வரின் றிங் கெட்டது. றேடியேற்றரில் குமிழி எழின் காஸ்கெற் கெட்டது. யான் வண்டியின் பின்னே குனிந்து சைலன்சர் குழாயிற் காதை வைத்தேன். பாம்பு சீறுவதுபோல ஓசை கேட்டது. புகை வெளியேறும் வால்வே நோயுற்ற உறுப்பு என்பது ஐயத்துக்கிடமின்றி முடிந்தது.

ஓசை அடங்கிய காரணம்

வால்வு ஏன் கெட்டது என்னும் வினா எஞ்சியிருந்தது. இதற்கு விடை கம்பளையில் இல்லை. நூறாண்டு வரலாற்றில் உள்ளது. 1921ஆம் ஆண்டிலே அமெரிக்கர் தோமஸ் மிட்ஜ்லி என்பவர், பெற்றோலோடு ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தால் எஞ்சினிலே இடிப்பு நீங்கும் என்று கண்டறிந்தார். அந்த ஈயம் மற்றொரு பணியையும் புரிந்தது. வால்வு வந்து அமரும் இருக்கையிலே அது மெல்லிய பூச்சாகப் படிந்து இரும்பைக் காத்தது. மொறிஸ் மைனர் போன்ற எஞ்சின்கள் அப்பூச்சை நம்பியே செய்யப்பட்டவை. ஆயின் ஈயப்புகை குழந்தைகளின் மூளைக்கு நஞ்சு என்பது பின்னர் உறுதியாயிற்று. இலங்கையிலே 2002ஆம் ஆண்டில் ஈயப் பெற்றோல் நீக்கப்பட்டது. உலகிலே இறுதியாக அல்ஜீரியா 2021இல் அதனைக் கைவிட்டது. குழந்தைகள் பிழைத்தமை பெரும் நன்மை. அதன் விலையாகப் பழைய வால்வு இருக்கைகள் சிறிது சிறிதாக அடிபட்டு உட்குழிந்தன.

இருக்கை குழியக் குழிய வால்வு உள்ளே ஏறுகின்றது. அதனால் தப்பற்றுக்கு விடவேண்டிய இடைவெளி குறைகின்றது. அவ்வெஞ்சினுக்கு அவ்விடைவெளி அங்குலத்தில் ஆயிரத்திற் பன்னிரண்டு பங்கு. அஃது அற்றுப்போனால் வால்வு முற்றாக மூடாது. மூடாத இடுக்கினூடே தீ பாய்ந்து அதன் விளிம்பை எரித்துவிடும். இதிலே வியப்பு யாதெனின், இடைவெளி குறையும்போது தப்பற்றின் ஓசையும் அடங்கிவிடுகின்றது. “எஞ்சின் எவ்வளவு அமைதியாக ஓடுகிறது!” என்று உரிமையாளர் மகிழ்ந்திருக்கும் வேளையிலேயே வால்வு எரிந்துகொண்டிருக்கும். நண்பரும் தம் இறுதிக் காலத்தில் அவ்வாறு சொல்லி மகிழ்ந்ததாக அம்மையார் நினைவுகூர்ந்தார். ஓசையெல்லாம் நோயுமன்று, அமைதியெல்லாம் நலமுமன்று.

இரண்டு வாரத்தின் பின் மேற்றலை கழற்றப்பட்டது. மூன்றாங் குழியின் வால்வு விளிம்பிலே நகம் நுழையுமளவு எரிந்த வடு இருந்தது. இரண்டாம் மூன்றாம் குழிகளின் புகை ஒரே வாயினால் வெளியேறுமாறு அமைந்த எஞ்சின் அது. ஆகையால் அவ்விடத்திலே வெப்பம் மிகுதி. குழிகளின் மேல் வரம்பை விரலால் தடவிப் பார்த்தேன்; அரிதாகவே தட்டுப்பட்டது. அளவுகருவி வைத்து அளந்தபோது தேய்மானம் ஆயிரத்தில் மூன்று பங்கு அங்குலமே. எட்டுப் பங்கை அணுகும்போதுதான் போர் அடிப்பதைப் பற்றி எண்ண வேண்டும். எனவே லேத் பட்டறையிலே கடினமான புதிய இருக்கைகள் பதிக்கப்பட்டன. வால்வுகளும் வழிகாட்டிக் குழாய்களும் மாற்றப்பட்டன. ஆன செலவு, முன்னர்க் கேட்கப்பட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

வாங்குவோர் அறிய வேண்டுவன

எல்லா எஞ்சின்களுக்கும் தீர்ப்பு இவ்வாறே அமையும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. நான்கு குழிகளிலும் அழுத்தம் தாழ்ந்து, ஒயில் விட்டதும் எல்லாம் குதித்து ஏறி, மேட்டிலே நீலப் புகையும் ஒயில் வாயிலே ஆவியும் வருமாயின், குழிகள் தேய்ந்தன என்பதே முடிபு. அப்பொழுது மேற்றலையை மாத்திரம் திருத்துதல் பயன் தராது. மேலே இறுக்கம் கூடக் கூட, கீழேயுள்ள தளர்ந்த றிங்குகள் மேலும் ஒயிலைக் குடிக்கும். போரை அங்குலத்தில் ஆயிரத்துக்குப் பத்து, இருபது, முப்பது, நாற்பது எனப் படிப்படியாக விரித்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களை இடுவர். அவ்வெல்லையும் கடந்தால் புதிய உறை இறக்க வேண்டும். உண்மை கசப்பினும் அதனையும் அறிந்து கொள்வதே நலம்.

பழைய வண்டி வாங்கச் செல்வோர் மூன்றை மறவாதிருத்தல் நன்று. முதலாவது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே செல்லுக. மூடியைத் தொட்டுப் பார்த்து, முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேட்குக. இரண்டாவது, ஒயிலைத் தொட்டுப் பார்க்குக. தடித்த ஒயிலை ஊற்றி ஓசையையும் புகையையும் சில நாள் மறைப்பாருளர். மூன்றாவது, சமதரையிலே ஓட்டிப் பார்த்துத் திருப்தி கொள்ளாது, ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் உள்ள வீதிக்குக் கொண்டுசெல்லுக. மலைநாட்டினர்க்கு அதற்குப் பஞ்சமில்லை.

அம்மையாரும் மகளும் இன்று மாதந்தோறும் அவ்வண்டியிலேயே பேராதனைக்கு வருகின்றனர். திருத்தம் முடிந்த நாளிலே வண்டி மீண்டும் டிக்டிக் என்னும் மெல்லிய ஓசையோடு முற்றத்துக்கு வந்தது. “அவர் வரும்போது கேட்கும் சத்தம் இதுதான், மாஸ்டர்” என்று சொல்லி அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “கொடுத்துவிடுங்கள்” என்று யான் சொன்ன சொல் அவ்வேளை என் நெஞ்சிலே சுட்டது.

அன்றிரவு, பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பின் பின்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் நினைவுக்கு வந்தான். கரும்பலகையில் எழுதியதைப் பிழையாகவே எழுதுவான். “இவனுக்குப் படிப்பு வராது” என்று அவன் தந்தையிடமே சொல்லிவிட்டேன். மறுவருடம் வேறோர் ஆசிரியர் அவனை முன்வரிசையில் இருத்தினார். பின்னர் கண் வைத்தியரிடம் அனுப்பினார். மூக்குக் கண்ணாடி அணிந்தபின் அவன் பிழையின்றி எழுதினான். யான் அவனைச் சோதிக்கவில்லை. புகையை மாத்திரமே பார்த்தேன்.

முடிந்துவிட்டது என்பது மிக எளிய சொல். அதனைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஆராய்ந்து அறிவதற்கோ ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும், ஒரு தேக்கரண்டி ஒயிலும், குனிந்து கேட்கும் செவியும் வேண்டும். இயந்திரமாயினும் மனிதராயினும், நாள் குறிக்குமுன் நாடியைப் பார்ப்போமாக.